சுருளி 53 நாள் சாப்பிடல

ரெண்டு மாசத்துக்கு மேலா எங்க வீட்ல காலைல மொத பேச்சே "ஏட்டி, ராத்திரி அவன் ஏதாச்சும் தின்னானா"ங்கிறதுதான். கேக்குறது ஆச்சி, 81 வயசு. அவன்னு சொல்றது சுருளிய. சுருளி ஒரு பால் பைத்தான், அதாவது ஆப்பிரிக்காவோட சின்ன மலைப்பாம்பு ஜாதி, ஆம்பள, வயசு ஒண்ணேகால், வீட்டுக்கு வந்த அன்னிக்கு எடை 412 கிராம். வந்ததுலருந்து 53 நாள் ஒண்ணுமே சாப்பிடல. அந்த 53 நாள்ல நான் பட்ட பாடு, பண்ண தப்பு, கத்துக்கிட்டது எல்லாத்தையும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு, ஏன்னா அந்த நேரத்துல தமிழ்ல இதப்பத்தி ஒரு பக்கமாச்சும் படிக்கக் கெடைக்குமான்னு நடு ராத்திரில போன வச்சுக்கிட்டு தேடி அழுதுருக்கேன்.

செங்கோட்டைல எங்களுக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கு, அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பாக்குறேன். சுருளி எங்க அத்தானோட பாம்பு. அத்தான் திருவனந்தபுரத்துல வேல பாத்தாங்க, திடீர்னு ஜெர்மனிக்கு மாத்தல் வந்துருச்சு, பாம்ப கூட கொண்டு போக முடியாத நெலம. "நீ வச்சுக்கிடுதியா, வேற யார்ட்டயும் குடுக்க மனசு வரல"ன்னு போன்ல கேட்டப்போ நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. போன வருஷம் அங்க போயிருந்தப்போ அவன் என் கைல சுத்திக்கிட்டு ஒரு மணி நேரம் அசையாம இருந்தான், அந்த எடையும் அந்த லேசான குளிர்ச்சியும் எனக்கு மறக்கவே இல்ல.

பேப்பர் வேலைய மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இத விட்டுட்டு பாம்பு வளக்குறேன்னு யாரும் எறங்கிடக் கூடாது. நம்ம காட்டுல இருக்குற மலைப்பாம்பு வேற, இது வேற. நம்ம மலைப்பாம்பு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1, அத வீட்ல வச்சா ஜெயில்தான், வைக்கவும் கூடாது. பால் பைத்தான் ஆப்பிரிக்கா பாம்பு, 2022-ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் இந்த மாதிரி வெளிநாட்டு உயிர்கள வச்சிருக்கவங்க கண்டிப்பா பதிவு பண்ணணும்னு வந்துருச்சு, 2024-ல அதுக்கான விதிகளும் வந்துச்சு, மத்திய அரசோட பரிவேஷ்ங்கிற வெப்சைட்ல பண்ணணும். கை மாறுனா அதையும் தெரியப்படுத்தணும். அத்தான் எல்லாத்தையும் முடிச்சு பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டுக் குடுத்துட்டாங்க. ஆரியங்காவு, புளியரை ரெண்டு செக்போஸ்ட்லயும் யாரும் நிறுத்திக் கேக்கல, ஆனா ஃபைல் என் மடியிலயேதான் இருந்துச்சு.

இப்ப பேர் விஷயம். ஆச்சிட்ட "பால் பைத்தான்"னு சொன்னதும் ஆச்சி என்ன நெனச்சுக்கிட்டாங்கன்னு சொல்லவே வேண்டாம். ஒரு கிண்ணத்துல பால காய்ச்சி ஆற வச்சு சின்ன ஸ்பூனோட கொண்டு வந்து நிக்காங்க. "பேர்லயே பால் இருக்குல்லாட்டி." அது இங்கிலீஷ் பாலு ஆச்சி, பந்து, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கிடுவான், அதனால வந்த பேருன்னு சொன்னேன். பாம்பு எதுவுமே பால் குடிக்காது, அதால பால செரிக்க முடியாது, தாகத்துல தவிச்சா ஈரம்னு வாய வைக்குமே தவிர அது அதுக்கு ஆகாரம் இல்லன்னும் சொன்னேன். ஆச்சி கிண்ணத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஆனா முகம் வாடிப் போச்சு. சுருளின்னு பேர் வச்சது ஆச்சிதான், அன்னிக்கு சாய்ந்தரமே.

ஆச்சி பொறந்தது ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், அந்தக் காலத்துல செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான், 1956-லதான் இந்தப் பக்கம் சேந்துச்சு. அவங்க அம்மா வீட்டுத் தோட்டத்துல ஒரு மூலைல சர்ப்பக்காவு, அதாவது பாம்புக்குன்னு விட்ட குட்டிக் காடு, உண்டு, தெனம் விளக்கு வைப்பாங்களாம், அந்தப் பக்கம் ஒரு சுள்ளிகூட யாரும் ஒடிக்க மாட்டாங்களாம். அதனால வீட்டுக்குள்ள பாம்பான்னு பயந்தாங்களே தவிர வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல. ஒரே ஒரு கண்டிஷன், எலி அடுப்படி பக்கம் வரக் கூடாது. நாங்க சைவம். நியாயம்தானே. அதனால அவனுக்கு குடுக்குற செத்து உறைஞ்ச எலிய வைக்க பழைய சின்ன ஃப்ரீஸர் ஒண்ணு வாங்கி மாடி ரூம்ல போட்டேன், கடைல இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ் பக்கமெல்லாம் அத நெனச்சே பாக்கக் கூடாது.

இனி என் தப்பு. வந்த அன்னிக்கே ஹால்ல, டிவிக்கு எதுத்தாப்ல டேபிள் மேல கண்ணாடித் தொட்டிய வச்சேன், எல்லாரும் பாக்கணும்னு ஆச. அன்னிக்கு சாய்ந்தரம் மட்டும் தெருவுலருந்து 20 பேராவது வந்துருப்பாங்க, பிள்ளைங்க கண்ணாடிய தட்டுதுங்க, நானும் ரெண்டு மூணு வாட்டி வெளிய எடுத்துக் காமிச்சேன். எங்க வீடு கொல்லம் ரோட்ட ஒட்டி, ராத்திரி பூரா லாரி போகும், கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சா அதுல வட்டம் வட்டமா நடுங்குறது தெரியும். பாம்புக்கு நம்மள மாதிரி வெளிக்காது கெடையாது, தரைல வர்ற அதிர்வு தாடை எலும்பு வழியா அதுக்குப் போகுது. அப்போ ஒவ்வொரு லாரியும் அவனுக்கு என்னவா இருந்துருக்கும்! மணிக்கணக்கா கார்ல குலுங்கி வந்துருக்கான், மோந்து பழகுன வாசன ஒண்ணுகூட இல்ல, அதுல இது வேற.

மூணாம் நாளே எலி வச்சேன். புதுசா வந்த பாம்ப கொறஞ்சது ஒரு வாரம் தொடாம, எடுக்காம, எதுவும் குடுக்காம விடணும், அத்தான் சொல்லித்தான் குடுத்தாங்க, எனக்குத்தான் பொறுக்கல. எடுக்கலன்னதும் நாலாம் நாள் மறுபடி, ஆறாம் நாள் மறுபடி, ஒம்பதாம் நாள் மறுபடி. வேண்டாம்னா அஞ்சு நாளாச்சும் விட்டுத்தான் திரும்பக் குடுக்கணும், தெனம் மூஞ்சிக்கு நேர ஆட்டிக்கிட்டே இருந்தா அதுவே அவனுக்கு ஒரு பயமா போயிரும். ஒம்பதாம் நாள் ராத்திரி நான் கிடுக்கில எலிய புடிச்சு உள்ள நீட்டுனப்போ அவன் பண்ணத இன்னும் நெனச்சா நெஞ்சு வலிக்கும். தலைய பின்னாடி இழுத்தான், கழுத்து எஸ் மாதிரி வளைஞ்சுச்சு, கொத்தப் போறான்னு நெனச்சேன், கொத்தல. ஒடம்ப மெதுவா மெதுவா இறுக்கி, ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையமா போயி, தலைய நட்டநடுவுல புதைச்சுக்கிட்டான். ஒரு கொய்யாப்பழத்த விட கொஞ்சம் பெரிசா ஒரு உருண்ட, அதுல கருப்புக்கு நடுவுல தங்க நெறப் புள்ளிகள், நடுவுல ஒரு இடுக்கு வழியா ஒரு கண்ணு மட்டும். நாக்குகூட வெளிய வரல. எலியக் கண்டு பயந்தானா என்னக் கண்டு பயந்தானான்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்.

ஆளாளுக்கு யோசன சொல்லுவாங்கல்ல. ஒருத்தர் வாய தெறந்து உள்ள தள்ளி விட்டுருங்கன்னாரு. ஒருத்தர் உயிரோட எலிய விடுங்க, ஓடுறதப் பாத்தா தானா புடிப்பான்னாரு. பாம்பு வாங்கி விக்கிற ஒருத்தர் ஒரு வைட்டமின் சிரப் பேரச் சொல்லி சிரிஞ்சுல வாய்ல விடச் சொன்னாரு, அந்த சிரப் என் கடைலயே இருக்கு, கொழந்தைகளுக்கு பசி எடுக்க எழுதுறது. நான் மூணையுமே பண்ணல. மருந்து விக்கிறவ நான், எடைக்குத் தக்க அளவு தெரியாம ஒரு சொட்டு யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு படிச்சவ. வாய தெறந்து திணிக்கிறது கடைசி கடைசியா டாக்டர் கைல நடக்க வேண்டிய விஷயம், நம்ம செஞ்சா தாட கிழியும், பல்லு ஒடையும், எல்லாத்துக்கும் மேல அவன் இன்னும் நடுங்கிப் போவான். உயிர் எலி வேண்டவே வேண்டாம். பசியோட இருக்குற எலி, அசையாம கெடக்குற பாம்போட முதுகக் கடிச்சு எலும்பு தெரியுற அளவுக்குப் புண்ணாக்கிரும். அந்த எலி படுற பாட்டையும் என்னால பாக்க முடியாது.

நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம் எடை பாத்தது. வாரத்துக்கு ஒரு வாட்டி, ஞாயித்துக்கிழம காலைல, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவ தராசுல வச்சு பூஜ்யம் பண்ணிட்டு, அவன அதுக்குள்ள விட்டு ஒரு நிமிஷத்துல திருப்பி விட்டுருவேன். ரெண்டாம் வாரம் 406. நாலாம் வாரம் 399. ஆறாம் வாரம் 393. எழுதி வச்சது ஆச்சியோட நாள்காட்டில, கிழிச்ச தாளோட பின்பக்கம், ஆச்சியே எடுத்து வச்சுக் குடுப்பாங்க. சாப்பிடாம இருக்குற பாம்பு விஷயத்துல நாள எண்ணாதீங்க, கிராம எண்ணுங்க. பால் பைத்தான் இதுக்குப் பேர் போனது, நல்லா வளந்த ஆரோக்கியமான பாம்பு குளிர் காலத்துல, இணை சேர்ற காலத்துலயெல்லாம் மாசக்கணக்குல பட்டினி கெடக்கும், எடை பெருசா கொறையாது. பத்துல ஒரு பங்கு கொறஞ்சா, முதுகெலும்பு கூர் தட்டி முக்கோணமா தெரிஞ்சா, அப்பத்தான் கவலப்படணும். குட்டிப் பாம்புனா அவ்வளவு நாள் தாங்காது, சீக்கிரமே டாக்டர்ட்ட போயிரணும். சுருளிக்கு பத்துல ஒரு பங்குன்னா 41 கிராம். அதாவது 371-க்கு கீழ போகக் கூடாது. அந்த 371-ங்கிற நம்பர் எனக்கு கனவுலகூட வந்துச்சு.

எடைய விட அவசரமான அறிகுறிகளும் இருக்கு. வாய தெறந்து மூச்சு விடுறது, மூச்சுல விசில் மாதிரி சத்தம், வாய் ஓரத்துல கோழை இல்லன்னா நொரை, ஈறுல தயிர் கட்டி மாதிரி மஞ்சளா படிஞ்சிருக்குறது, கண்ணச் சுத்தி செதிலுக்கு நடுவுல மிளகப் பொடிச்ச மாதிரி ஓடுற உண்ணி, தலைய நிமித்தி வானத்தப் பாத்துக்கிட்டே தள்ளாடுறது. இதுல எது இருந்தாலும் நாள் கடத்தவே கூடாது. சுருளிக்கு இது எதுவும் இல்லன்னு எனக்குத் தோணுச்சு, ஆனா தோணுறதும் தெரியுறதும் ஒண்ணா?

24-ஆம் நாள் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனேன். இங்க பக்கத்துல மாடு, ஆடு பாக்குற டாக்டர்ட்டதான் மொதல்ல கேட்டேன், அவரு "எனக்கு பாம்பு தெரியாதும்மா, தெரியாம தொட்டு கெடுக்க மாட்டேன்"னு நேராவே சொல்லிட்டாரு, அந்த மனசுக்கு நான் இன்னும் நன்றி சொல்றேன். தென்மலை வந்து குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு வழியா போற ரோடு, வளைவு வளைவா, தலகாணி உறைக்குள்ள அவன விட்டு முடிச்சுப் போட்டு அத ஒரு டப்பால வச்சு என் மடில வச்சுக்கிட்டேன். அங்க டாக்டர் வாய் பாத்தாரு, மூச்சு கேட்டாரு, உண்ணி இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாத்தாரு, அத்தான் வீட்ல அவன் கடைசியா போன எச்சத்த அத்தான் முன்னாடியே டெஸ்ட்டுக்கு குடுத்திருந்தாங்க, அதுலயும் புழு இல்ல. எல்லாம் சரி. "சூடு எத்ர வச்சிருக்கு?"ன்னாரு. 32 டிகிரின்னேன், பெருமையா. "அது தெர்மோஸ்டாட்டு காணிக்கிற நம்பர். பாம்பு கிடக்கிற இடத்துல எத்ர? அளந்து நோக்கியோ?"

அளக்கல.

வீட்டுக்கு வந்ததும் கடைல கொரோனா சமயத்துல வாங்கிப் போட்டிருந்த நெத்தில காட்டுற தெர்மாமீட்டர் ஞாபகம் வந்துச்சு, அதுல பொருளோட சூட அளக்குற மோடு ஒண்ணு உண்டு. அத எடுத்து சுருளி கெடக்குற எடத்துல தேங்கா நாரு மேல காட்டுனேன். 27. இன்னொரு வாட்டி. 27. எனக்கு கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு. என்ன நடந்துருக்குன்னா, கரண்ட்ல சூடாகுற ஹீட் மேட்ட தொட்டிக்கு அடில ஒட்டி, சூட்டப் பாத்து தானா ஆன், ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட்டோட சென்சார நேரா அந்த மேட்டு மேலயே ஒட்டிட்டேன். மேட்டு 32 ஆனதும் அது ஆஃப் ஆயிரும், சரியாத்தான் வேல செய்யுது. ஆனா மேட்டுக்கும் பாம்புக்கும் நடுவுல ஒரு கண்ணாடி, அதுக்கு மேல மூணு விரல் கனத்துக்கு நான் ஆசையா பரப்புன தேங்கா நாரு. சூடு மேல ஏறவே இல்ல. திருவனந்தபுரத்துல அத்தான் வீட்ல ரூமே 30 டிகிரி இருக்கும், அங்க இது தெரிஞ்சிருக்காது. இங்க ஜூன் மாசம் கணவாய் வழியா காத்தும் சாரலும் எறங்கிருச்சுன்னா ராத்திரி ரூம் 23-க்கு போயிரும். குளிர்ச்சியான பக்கம்னு நான் விட்டது அவனுக்கு நெசமாவே குளிரு.

பாம்புக்கு ஒடம்புச் சூடு வெளியிலருந்துதான் வரணும். வயித்துல போனது செரிக்கணும்னா ஒரு பக்கம் 31லருந்து 33, மறுபக்கம் 25லருந்து 27 இருக்கணும், அவன் ரெண்டுக்கும் நடுவுல நகந்து நகந்து தனக்கு வேண்டியத எடுத்துக்கிடுவான். சூடு பத்தாம விழுங்கிட்டா உள்ள இருக்குறது செரிக்காம அழுகிப் போகும், கக்கிருவான், கக்குறது பட்டினிய விட மோசம். அப்போ சாப்பிடாம இருந்தது அவனோட புத்திதான். 24 நாள் நான் ஆட்டி ஆட்டிக் காமிச்ச எலிய அவன் எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு அன்னிக்கு தொட்டி பக்கத்துல தரைல உக்காந்து அவன்ட்ட மன்னிப்பு கேட்டேன்.

மறுநாளே சூடான பக்கம் நாரக் கொறச்சு ஒரு விரல் கனமாக்குனேன். சென்சார உள்ள, அவன் படுக்குற எடத்துலயே, நகராம ஒட்டுனேன். மேல வலைக்கு வெளிய வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் ஒண்ணு, அதுக்கு தனி தெர்மோஸ்டாட். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பெரிய யோசன, சாரல் காத்துக்கு எங்கயாச்சும் கொப்பு ஒடிஞ்சு லைன்ல விழும், ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் போயிரும், அதனால ரூம் லைன இன்வெர்ட்டர்ல சேத்தேன். ஆச்சி ரூம் ஃபேனக் கழட்டித்தான் இத மாட்ட முடிஞ்சுச்சு. குளிர்ற மாசத்துல எனக்கெதுக்கு ஃபேனுன்னாங்க.

சூடு சரியாகியும் அவன் வெளிய வரல. ஒரு நாள் மத்தியானம் ஆச்சி தொட்டிக்கு முன்னாடி நாற்காலி போட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "ஏட்டி, இவன் ஊர்ல இவன் எங்க குடியிருப்பான்?" கரையான் புத்துலயும் எலி வளைலயும்தான் ஆச்சின்னு சொன்னேன். நெசம்தான், மேற்கு ஆப்பிரிக்கால புல்வெளிக் காட்டுல பகல் பூரா கரையான் புத்துக்குள்ள கெடக்கும், ராத்திரிதான் வெளிய வரும். ஆச்சி என்ன திரும்பிப் பாத்தாங்க. "புத்துல கண்ணாடி எங்கட்டி இருக்கு?"

எத்தன வீடியோ பாத்தேன், எத்தன எடத்துல படிச்சேன், எல்லாத்துலயும் பாம்புக்கு ஒளிஞ்சுக்க எடம் வேணும்னு இருந்துச்சு, நானும் ஒரு பெரிய மரப் பொந்து வாங்கி வச்சிருந்தேன், மூணு பாம்பு படுக்கலாம் அதுல. ஆனா அந்த ஒரு கேள்வி கேட்டப்புறம்தான் எனக்கு கண்ணு தெறந்துச்சு. புத்துன்னா இருட்டு, கதகதப்பு, ஈரம், அதோட ஒடம்பு ரெண்டு பக்கமும் சுவத்துல முட்டணும். முட்டுனாத்தான் பின்னாடிலருந்து யாரும் வர முடியாதுன்னு அவனுக்கு தைரியம். சந்தைக்குப் போயி ஒரே அளவுல ரெண்டு சின்ன மண்சட்டி வாங்குனேன், அவன் சுருண்டா சரியா அடங்குற அளவு, விளிம்புல ஒரு வாசல் ஒடச்சு உப்புத்தாள் போட்டு தேச்சு தேச்சு வழுவழுன்னு ஆக்குனேன், கவுத்தி சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் ஒளிய எடம் இருந்தா, சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு அவன் ஏதோ ஒண்ணத்தான் எடுக்க முடியும், அது பாவம். மண்சட்டில இன்னொரு நல்லது, மேல தண்ணி தெளிச்சா உறிஞ்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும், ஈரப்பதம் 60-க்கு மேல நிக்குது. தொட்டியோட மூணு பக்கக் கண்ணாடிக்கும் கருப்பு சார்ட் ஒட்டி, முன்பக்கம் ஆச்சியோட பழைய நூல் சேலைய மடிச்சுத் தொங்க விட்டோம். தொட்டியையே ஹால்லருந்து பின் ரூமுக்கு மாத்தி, காலுக்கு அடில பழைய மிதியடிய நாலா மடிச்சு வச்சோம், லாரி அதிர்வு ஏறாம இருக்க.

பெனின்ங்கிற நாட்டுல வீதாங்கிற ஊர்ல இவன் ஜாதிக்கே ஒரு கோயில் இருக்குன்னு அன்னிக்கு ஆச்சிக்குச் சொன்னேன். கோயில் பாம்ப அப்பப்ப வெளிய விட்டுருவாங்களாம், அது யார் வீட்டுக்குள்ள போனாலும் அடிக்க மாட்டாங்க, பத்திரமா திருப்பிக் கொண்டு வந்து விடுவாங்க. ஆச்சி கைய நெஞ்சுல வச்சுக்கிட்டாங்க. "மண்ணாறசாலை மாதிரி"ன்னாங்க. ஆலப்புழை பக்கம் ஹரிப்பாட்டுல இருக்குற அந்த நாகராஜா கோயில்ல வயசான ஒரு அம்மாதான் பூஜை பண்ணுவாங்க, ஆச்சி சின்னப் பிள்ளைல அங்க போயிருக்காங்களாம்.

அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே செய்யல. இதான் எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்துச்சு. தண்ணி மாத்துறதுக்கு மட்டும் கைய விடுவேன், ஞாயித்துக்கிழம எடைகூட ஒரு வாரம் விட்டுட்டேன். எலி வைக்கல. நடுவுல ஒரு நாள் சேலைய வெலக்கிப் பாத்தா அவன் ஒடம்பு மங்கிப் போயி, கண்ணு ரெண்டும் நீலம் பூத்து பால் விட்ட மாதிரி இருந்துச்சு. சட்டை உரிக்கப் போறான். அந்த நேரத்துல கண்ணு சரியாத் தெரியாது, பெரும்பாலும் எலிய எடுக்க மாட்டான், நானும் வைக்கக் கூடாது. ஒரு வாரம் கழிச்சு ஒரு காலைல சட்டிக்கு வெளிய சட்டை கெடந்துச்சு, தலைலருந்து வால் நுனி வரைக்கும் ஒரே துண்டா, கண்ணு மேல இருக்குற ரெண்டு கண்ணாடிச் செதிலும் சேந்தே வந்துருந்துச்சு. ஈரம் பத்தலன்னா துண்டு துண்டா பிஞ்சுதான் வரும். அத வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், மேல் உதட்டு ஓரமா வரிசையா குட்டிக் குழி, அதாலதான் இருட்டுல எலியோட ஒடம்புச் சூட அவன் பாக்குறான். அச்சு அப்படியே சட்டைலயும் விழுந்துருந்துச்சு.

53-ஆம் நாள், வியாழக்கிழம. முந்தின நாள் எடை 390. சாய்ந்தரமே மாடிலருந்து 40 கிராம் எலி ஒண்ண எடுத்து கவர்ல கட்டி பச்சத்தண்ணில போட்டேன், ஒடம்பு எடைல பத்துல ஒரு பங்கு, இதான் கணக்கு. முழுசா எளகுனதும், ஒம்பது மணிக்கு, கை பொறுக்குற சூட்டுத் தண்ணில பத்து நிமிஷம். மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது, உள்ள வெந்து வயிறு வெடிச்சுரும். வெளிய எடுத்து தொடச்சு, தலைய மட்டும் ஹேர் ட்ரையர்ல காட்டி தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், 39. மொதல்ல நான் வச்சப்போ எல்லாம் வயித்துப் பக்கம் சில்லுன்னே இருந்துருக்கு, சூடு இல்லாத எலி அவனுக்கு எலியே இல்ல.

லைட்டெல்லாம் ஆஃப். ஹால் லைட்டையும் ஆச்சி அணைச்சாங்க. சேலைய ஒரு சாண் வெலக்கி, நீளக் கிடுக்கில எலியோட இடுப்பப் புடிச்சு சூடான சட்டி வாசலுக்கு ஒரு சாண் தள்ளி வச்சு, ஆட்டாம அப்படியே புடிச்சேன். வாசல்ல மூக்கு நுனி தெரிஞ்சுது. நாக்கு வந்துச்சு. உள்ள போச்சு. மறுபடி வந்துச்சு, இந்த வாட்டி மெதுவா, நுனி ரெண்டும் மேலயும் கீழயும் தடவித் தடவி. தல முழுசா வெளிய வந்து கீழ தாழ்ந்துச்சு, கழுத்து வளைஞ்சுச்சு, எனக்கு ஒம்பதாம் நாள் ஞாபகம் வந்து கை வெடவெடக்குது. நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் டப்புன்னு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு, கிடுக்கி என் கைலருந்து போயிருச்சு, பாத்தா எலிய மூணு சுத்து சுத்தி இறுக்கிட்டு அசையாம கெடக்கான். நான் மூச்சே விடல. அவன் மெதுவா பிடிய விட்டு, மோந்து மோந்து தலைய தேடி, வாய தெறந்து, ஒரு பக்கத் தாடைய முன்னாடி வச்சு இழுத்து, மறுபக்கத் தாடைய வச்சு இழுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனான். வால் நுனி உள்ள போனதும் பெரிசா ரெண்டு கொட்டாவி, தாடைய எடத்துல உக்கார வைக்க. சட்டிக்குள்ள பின்னாடியே போயிட்டான்.

சேலைய மூடிட்டு சத்தமில்லாம ஆச்சி ரூமுக்குப் போனேன், முழிச்சுதான் இருந்தாங்க. "தின்னுட்டான் ஆச்சி"ன்னதும் எந்திரிச்சு உக்காந்து என் தலைல கைய வச்சாங்க, ரெண்டு பேரும் அழுதோம். மறுநாள் ஆடி வெள்ளி. புத்துக்கு பால் கொண்டு போனாங்க, ஊத்தாம விளக்கு மட்டும் வச்சுட்டு பால திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. "அதுங்களுக்கு சேராதுன்னல்லா நீ"ன்னாங்க, அத எனக்கே காப்பி போட்டுக் குடுத்தாங்க.

சாப்ட்டப்புறம் ரெண்டு நாள் அவனத் தூக்கவே இல்ல, நீங்களும் தூக்காதீங்க, கக்கிருவான். எச்சம் ஆறாம் நாள் போனான். பத்தாம் நாள் ரெண்டாவது எலி, நிமிஷத்துல புடிச்சான். மூணாவத எடுக்கல, எனக்கு ஒண்ணும் பதறல, அஞ்சு நாள் கழிச்சு வச்சேன், எடுத்துக்கிட்டான். போன ஞாயித்துக்கிழம 421. மார்கழி, தை குளிர்ல மறுபடி பட்டினி கெடப்பான்னு அத்தான் ஜெர்மனிலருந்து சொல்லிருக்காங்க. கெடக்கட்டும். அமெரிக்கால செயின்ட் லூயிஸ் ஜூவுல ஒரு பால் பைத்தான் 2020-ல, 62 வயசுக்கு மேல ஆகி, பக்கத்துல ஆம்பளப் பாம்பே இல்லாம முட்ட போட்டுருக்கு. வீட்ல சாதாரணமாவே 20, 30 வருஷம் இருக்கும். ஆச்சி விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "அப்ப இவன் உன் பிள்ளைங்க கல்யாணத்தையும் பாப்பான்"னாங்க.

இப்போ மணி எட்டே முக்கால். வெளிய சாரல் அடிக்குது. மாடில எலி எளகிக்கிட்டு இருக்கு. ஆச்சி ஹால் லைட்ட அணைக்கவான்னு கேக்காங்க.